உபுண்டுவில் பைத்தான்: ஏபிடியா, பைஎன்வியா, யூவியா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் பழைய லேப்டாப் ஒன்றைப் பிடித்து உபுண்டு 24.04 போட்டுக்கொண்டு பைத்தான் படிக்க உட்காரும் தம்பி தங்கைகள் முதலில் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். பைத்தான் பொதிகளை இறக்கித் தரும் பிப் கருவியைக் கூப்பிட்டு பிப் இன்ஸ்டால் என்று தட்டியதும், இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று சொல்லிக் கதவை மூடிவிடும். முந்தைய 22.04 பதிப்பில் இந்தத் தடை கிடையாது. அந்த 'வேறொருவர்' ஏபிடி, அதாவது உபுண்டுவின் சொந்தப் பொதி நிர்வாகி. ஏபிடி போட்டுவைத்திருக்கும் பைத்தானைத்தான் உபுண்டு தன் சொந்த வேலைகள் பலவற்றுக்கு நம்பியிருக்கிறது, அதில் நாம் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

அதற்காக ஏபிடி மட்டம் என்று சொல்லவில்லை. 22.04-இல் பைத்தான் 3.10, 24.04-இல் 3.12 என்று ஒரே பதிப்பில் நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும், ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனிப் பைத்தான் சூழல் (வென்வி) உருவாக்க பைத்தான்3-வென்வி பொதியைத் தனியாகப் போட்டுக்கொண்டால் போதும். சர்வரில் ஓடும் சின்ன ஸ்கிரிப்டுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. சிக்கல் எப்போது என்றால், புராஜெக்ட் 3.11 கேட்கும்போது. உடனே வேறு பைத்தான் பதிப்புகளைத் தரும் டெட்ஸ்நேக்ஸ் பிபிஏ என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து, பைத்தான்3 என்ற பெயரையே புதியதற்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் டெர்மினல் ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்கள்.

பைஎன்வி நாம் கேட்கும் பைத்தான் பதிப்பின் மூல நிரலை எடுத்து நம் கணினியிலேயே கம்பைல் செய்யும். பழைய இரண்டு கோர் மெஷினில் அதைத் தட்டிவிட்டு மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். நேரம்கூடப் பரவாயில்லை, கம்பைல் செய்ய முன்கூட்டியே வேண்டிய சார்புப் பொதிகள்தான் தலைவலி. பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய லிப்எஸ்எஸ்எல்-டெவ் இல்லையென்றால் நேரடியாகத் தோற்றுவிடும், அது நல்லது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் டெவ் பொதி இல்லையென்றால் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் ஓடிவிட்டு 'இன்ஸ்டால் ஆகிவிட்டது' என்று சொல்லும், வாரக்கணக்கில் கழித்து ஜாங்கோ வலைச் சட்டகத்தில் தரவுத்தளத்தை அமைக்க மைக்ரேட் கொடுக்கும்போதுதான் குட்டு உடையும். பைத்தானையே விருப்பப்படி கம்பைல் செய்து பார்க்க வேண்டியவருக்கு இது அருமையான கருவி. மற்றவர்களுக்கு ஏன் இந்தப் பாடு?

யூவியும் பைத்தானையும் அதன் பொதிகளையும் நிர்வகிக்கும் கருவிதான், 2024 பிப்ரவரியில் வந்தது, ஆஸ்ட்ரல் நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதியது. முன்பே கட்டி வைத்த பைத்தானை அப்படியே இறக்கிவிடும். கம்பைலரும் வேண்டாம், நிர்வாகி அனுமதி தரும் சூடோவும் வேண்டாம். 'யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.11', முடிந்தது கதை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. யூவி உருவாக்கும் வென்வியில் பிப் இருக்காது. பழைய பாடத்தைப் பார்த்து வெறும் பிப் என்று தட்டினால் சிஸ்டத்தின் பிப் ஓடி, பழைய தடையே மறுபடி வந்து நிற்கும். 'யூவி பிப் இன்ஸ்டால்' என்று முழுதாகத் தட்டப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வென்வி உருவாக்கும்போதே பிப்பையும் சேர்த்துப் போடும் சீட் ஆப்ஷன் கொடுங்கள்.

கோண்டா என்ற இன்னொரு பொதி நிர்வாகியும் இருக்கிறதே என்றால், டேட்டா சயன்ஸ் ஆட்களுக்குச் சரி. 200 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி என்றால் அதை வெளியிடும் அனகோண்டா நிறுவனத்தின் உரிம விதிகளைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

என் கணக்கு இதுதான்: படிக்கிறவருக்கும் புராஜெக்ட் செய்கிறவருக்கும் யூவி. பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஏதாவது தொழிற்சாலையில் வேலை, வெளி இணையம் பூட்டியிருக்கிறது, உபுண்டு பொதிகளின் நகல் இருக்கும் உள் மிரர் மட்டும்தான் திறந்திருக்கிறது என்றால் ஏபிடியும் வென்வியும், 3.11தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற டீமை ஐடி ஆட்களிடம் அனுப்பிவிடுங்கள்.