கட்டுநாயக்காவில் இறங்குகிறவர்கள் கவனம்: போகாத ஹைவேக்கும் காசு வாங்குகிறார்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற எங்கட ஆட்கள், முக்கியமாக இரவு பிளைட்டில் இறங்குபவர்கள், இதைக் கட்டாயம் வாசியுங்கள். கட்டுநாயக்கா விமானநிலையத்தில் சுங்கம் தாண்டி வெளியே வந்தவுடன், கழுத்தில் ஏதோ அட்டை தொங்கவிட்ட ஒருவர் நல்ல தமிழில் "அண்ணை, வெள்ளவத்தையா, யாழ்ப்பாணமா?" என்று கேட்டபடியே பெட்டியில் கை வைத்துவிடுவார். எங்களுக்கும் இதுதான் நடந்தது. தமிழ் கேட்டதும் என்னோடு வந்த அம்மாவுக்குப் பெரிய நிம்மதி, அவர்களுக்குத் தேவையும் அதுதான். பிக்மீ (போன் ஆப்பில் பிடிக்கிற டாக்ஸி) வாகனங்களை இங்கே விடமாட்டார்கள், உள்ளே இருக்கிற டாக்ஸி கவுண்டரில் டொலர் மட்டும்தான் எடுப்பார்கள் என்று அடுக்கினார். இரண்டும் பொய்.

கொழும்பில் இருக்கிற வெள்ளவத்தைக்கு ஒரு தொகை பேசி, ஹைவே காசும் இதற்குள்தானே என்று திரும்பவும் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் ஏறினோம். ஓட்டியது அவர் இல்லை, வேறு ஆள். 2013இல் திறந்த ஹைவேயில் பேலியகொடை வரை கிட்டத்தட்ட 26 கிலோமீற்றர், சிக்னலே கிடையாது, ஏறும்போது துண்டு (டிக்கெட்) எடுத்து இறங்கும்போது காசு கட்ட வேண்டும். நாங்கள் போனதோ ஜா-எல, கந்தானை, வத்தளை என்று பழைய நீர்கொழும்பு வீதியால், சந்திக்குச் சந்தி நின்று நின்று. கேட்டால் "ஹைவேயில அக்சிடன்ட்" என்றார். சரி, இருக்கும் என்று விட்டோம்.

வெள்ளவத்தையில் பேசிய கூலிக்கு மேல் பார்க்கிங், பெட்டிக்குத் தனி, அப்புறம் நம்பமாட்டீர்கள், ஹைவே காசு! துண்டைக் காட்டுங்கள் என்றேன், அதுவரை தமிழ் பேசியவர் திடீரென்று சிங்களத்துக்கு மாறிவிட்டார். டிக்கி பூட்டியிருக்கிறது, பெட்டியெல்லாம் அதற்குள். வீதியில் சண்டை வேண்டாம் என்று அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டார், பேசியதைப் போல இரண்டு மடங்கு.

அதனால் வெளியே வருவதற்கு முன்பே உள்ளே உள்ள கவுண்டரில் பதிந்து பற்றுச்சீட்டு வாங்குங்கள், பிக்மீயில் அந்த நேரத்துக்கு என்ன காட்டுகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். யாழ்ப்பாணம் வரை வான் பேசுகிறவர்கள் இன்னும் கவனம், தூரம் கூட, இடையில் வாகனம் மாற்றச் சொன்னால் இறங்காதீர்கள். பெட்டி ஏறுவதற்கு முன் வாகன இலக்கத்தைப் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்புங்கள், சாரதி பார்க்கிற மாதிரியே. எங்களிடம் இலக்கம் இருந்ததால் சுற்றுலாத் துறையின் 1912க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.