ஜான் வூடன் வழியில் அணி கட்டுவது: ஓர் இணையவழி வகுப்பின் மதிப்புரை

கூடைப்பந்துப் பயிற்சியாளர்களுக்காக ஆங்கிலத்தில் நடத்தப்படும் இணையவழி வகுப்பு ஒன்றைச் சென்ற ஜூன் மாதம் ரூ. 4,200 கட்டி வாங்கினேன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், அதாவது யுசிஎல்ஏவில், தலைமைப் பயிற்சியாளர் ஜான் வூடன் ஓர் அணியை எப்படிக் கட்டி எழுப்பினார் என்பதை எட்டுப் பாடங்களில் சொல்லித்தருவதாக விளம்பரம் செய்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இதே சரக்கைப் பல பெயர்களில் பலர் விற்கிறார்கள்; நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கல்லூரி ஒன்றின் பெண்கள் அணிக்குப் பயிற்சி தருபவள் என்ற முறையில், பார்த்து முடித்த கையோடு எழுதாமல், இரண்டு மாதம் களத்தில் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வூடனைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியானா மாநிலத்தில் 1910இல் பிறந்தவர்; பர்டியூ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர்; பள்ளிகளில் ஆங்கிலமும் கூடைப்பந்தும் கற்றுக்கொடுத்துவிட்டு, போர்க்காலக் கடற்படைப் பணிக்குப் பின் கல்லூரிப் பயிற்சியாளர் ஆனவர். 1948 முதல் 1975 வரை யுசிஎல்ஏவில் இருந்தார். அங்கே 620 வெற்றி, 147 தோல்வி. 1964க்கும் 1975க்கும் இடைப்பட்ட 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்கள், அவற்றில் 1967 முதல் 1973 வரை தொடர்ச்சியாக ஏழு. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் தனித்தனியே கூடைப்பந்துப் புகழரங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் மனிதர். 2010இல், நூறு வயதை எட்டச் சில மாதங்களே இருந்தபோது காலமானார்.

வகுப்பின் முதல் பாடமே எனக்கு ஏமாற்றம். பத்துப் பட்டங்களின் வாணவேடிக்கையோடு தொடங்கும் அந்தப் பாடம், 1948 முதல் 1963 வரையிலான காலத்தை ஒன்பது நிமிடத்தில் கடந்துவிடுகிறது. அணி கட்டுவதைக் கற்க விரும்புபவருக்கு அந்த ஒன்பது நிமிடம்தான் ஒன்பது மணி நேரமாக இருந்திருக்க வேண்டும். முதல் பட்டம் வூடனுக்குப் பதினாறாவது பருவத்தில்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய பதினைந்து பருவங்களில் நடந்தவை எல்லாம் அடித்தளம் தோண்டிய வேலை. கட்டடத்தின் முகப்பை மட்டும் படம்பிடிப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

உண்மையில் அவர் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனதே அரைமனதோடுதான். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அழைப்புக்காகக் காத்திருந்தார். பனிப்புயலில் தொலைபேசி இணைப்பு அறுந்து, குறித்த நேரத்தில் அழைப்பு வரவில்லை. அதற்குள் யுசிஎல்ஏவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மாற்றவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபோது, முந்தைய பருவத்தில் 12 வெற்றி, 13 தோல்வி என்று முடித்திருந்த ஓர் அணிதான் அவர் கைக்கு வந்தது. முதல் பருவத்திலேயே அதை 22 வெற்றி, 7 தோல்வி என்று மாற்றினார். ஆனால் பயிற்சி செய்த இடமோ ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்தளம். ஒரு பக்கம் மல்யுத்தக்காரர்கள், இன்னொரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ் மாணவர்கள், நடுவில் இவர்கள். காற்றோட்டம் இல்லாத அந்தக் கூடத்துக்கு வியர்வை நாற்றத்தை வைத்தே மாணவர்கள் பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். தரையில் படிந்த தூசியைப் பயிற்சிக்கு முன்பு வூடனே துடைப்பமும் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்திருக்கிறார். பின்னர் அந்தக் கூடமும் பெருங்கூட்டத்துக்குத் தகுதியற்றதாகிப்போனதால், சொந்த ஊர் ஆட்டங்களையே நகரின் பள்ளி, கல்லூரி அரங்குகளில் இரவல் வாங்கி ஆடிய ஆண்டுகள் பல. பாலி பெவிலியன் என்ற சொந்த அரங்கம் 1965இல்தான் திறந்தது. அதற்குள் அவர் இரண்டு பட்டங்களை வென்றுவிட்டார். மாலை ஐந்து மணிக்குக் கைப்பந்து அணியோடு ஒரே சிமென்ட் தளத்துக்கு மல்லுக்கட்டும் எனக்கு, வகுப்பில் வந்த எந்தப் பட்டக் கோப்பையை விடவும் அந்தத் துடைப்பம் பெரிதாகத் தெரிந்தது. வகுப்பு அதற்கு ஒதுக்கியதோ ஒரே ஒரு வாக்கியம்.

வகுப்பு அறவே தொடாத இன்னொரு செய்தி, யுசிஎல்ஏவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் வூடன் பயிற்சியாளராக இருந்தபோது, 1947இல் அவருடைய அணிக்குச் சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஆட அழைப்பு வந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடக்கூடாது என்பது அப்போதைய விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். அவர் முதன்மை ஆட்டக்காரர்கூட அல்லர். இருந்தும் அவரை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று வூடன் அழைப்பை மறுத்தார். அடுத்த ஆண்டு தடை நீங்கியது, வாக்கரும் ஆடினார், அணி இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றது. பண்பைப் பற்றி இரண்டு முழுப் பாடங்கள் நடத்துபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் புரியவே இல்லை.

அந்த இரண்டு பாடங்கள்தான் மூன்றாவதும் நான்காவதும்: வூடனின் வெற்றிப் பிரமிடு. உழைப்பையும் உற்சாகத்தையும் இரு மூலைக்கற்களாக வைத்து, பதினைந்து கட்டங்களை அடுக்கி, உச்சியில் போட்டிக்காலத் திறமையை நிறுத்தும் வரைபடம் அது. 1934இல் பள்ளி ஆசிரியராக இருக்கும்போது தொடங்கி 1948 வரை திருத்தித் திருத்தி அவர் செய்தது. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து நிமிடம் பின்னணி இசையோடு பேசினால், அது நிறுவன மேலாளர்களுக்கான ஊக்கப் பேச்சாகிவிடுகிறது. வாங்குபவர்கள் இந்த இரண்டையும் தாராளமாகத் தாண்டிவிடலாம். வரைபடத்தை அச்சிட்டு உடைமாற்றும் அறையில் ஒட்டினேன். இரண்டாம் நாள் அதன்மேல் ஒருத்தி துண்டைத் தொங்கவிட்டிருந்தாள்.

ஐந்தாம் பாடத்துக்காக மட்டும் முழுப் பணத்தையும் மறுபடி கொடுப்பேன். பயிற்சி நேரத்தை வூடன் எப்படிப் பகுத்தார் என்பதே அதன் பொருள். ஒவ்வொரு நாள் காலையிலும் உதவிப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து, அன்று மாலை நடக்கப்போகும் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயிற்சிக்குக் கிட்டத்தட்ட அதே அளவு நேரம் செலவிட்டுத் திட்டம் வகுப்பார். எந்த நிமிடத்தில் எந்த டிரில் (ஒரே திறனைத் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு பயிற்சி), எத்தனை பந்துகள், யார் எந்தக் கூடையின் கீழ் என்பது வரை உள்ளங்கை அளவு அட்டையில் எழுதிக்கொள்வார். ஒரு டிரில் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம்; நேரம் முடிந்தால் சரியாக வந்தாலும் வராவிட்டாலும் அடுத்தது. முடிந்தபின் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அதே நாளின் குறிப்பைப் புரட்டிப் பார்ப்பார். பருவத்தின் முதல் நாள் பாடம் காலுறை அணிவது: சுண்டுவிரலிலும் குதிகாலிலும் சுருக்கம் விழுந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி இழப்பு.

இதே பாடத்தில், வூடனின் கடைசிப் பருவமான 1974-75இல் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு உளவியலாளர்கள் பதினைந்து பயிற்சிகளில் பக்கவாட்டில் உட்கார்ந்து அவர் சொன்ன ஒவ்வொன்றையும் குறித்த ஆய்வை நன்றாக விளக்குகிறார்கள். குறித்தவை 2,326 செயல்கள். பாராட்டு 6.9 விழுக்காடு, கண்டனம் 6.6 விழுக்காடு, முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற வெறும் தகவல். தவறு நேர்ந்தால் ஊதலை ஊதி நிறுத்தி, சரியான முறையைச் செய்து காட்டி, அந்த ஆட்டக்காரர் செய்த தவறை நடித்துக் காட்டி, மீண்டும் சரியானதைக் காட்டுவது ஒரு சில விநாடி வேலை. உடனே ஆட்டம் தொடரும். இதைப் பார்த்த இரவு என் கைபேசியில் பதிவாகியிருந்த என் பயிற்சி ஒன்றைப் போட்டுக் கேட்டேன். நாற்பது நிமிடத்தில் நான் அதிகம் சொன்ன சொல் "ஓடு". அடுத்தது "சே". எப்படி ஓட வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பது எதிலும் இல்லை.

மறுநாள் முதல் அட்டை எழுதத் தொடங்கினேன். முதல் வாரம் எல்லாம் தலைகீழ். ஏழு நிமிட லே-அப் (கூடைக்கு அருகே ஓடிவந்து பந்தைப் போடுவது) டிரில்லைப் பதினெட்டு நிமிடம் இழுத்தேன். மூன்றாம் வாரத்தில்தான் பிள்ளைகளே கடிகாரத்தைப் பார்த்து அடுத்த இடத்துக்கு நகர ஆரம்பித்தார்கள். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு, உடலை வைத்து இடம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது, "இடது காலை அவள் முன்னால் வை, இடுப்பைத் தாழ்த்து" என்று சொன்னால் நடக்கிறது; "பாக்ஸ் அவுட், பாக்ஸ் அவுட்" என்று கத்தினால் நடப்பதில்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான், தெரியவில்லை.

ஆறாம் பாடம் 2-2-1 ஸோன் பிரஸ்: இருவர், இருவர், ஒருவர் என்று மூன்று வரிசையாக நின்று எதிரணியை நெருக்கும் தடுப்பாட்டம். 1963-64 பருவத்தில் முதல் ஐவரில் ஒருவர்கூட ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் இல்லாத அந்த அணி, களம் முழுவதும் எதிராளியை நெருக்கி ஆடி, 30 ஆட்டங்களையும் வென்று, இறுதிப்போட்டியில் டியூக்கை 98-83 என்று வீழ்த்திய கதை இது. அசைவுப் படங்கள் தெளிவானவை. பந்தைப் பறிப்பதைவிட எதிராளியை அவசரப்படுத்துவதே நோக்கம் என்பதைப் புரியவைக்கிறார்கள். குட்டையான அணி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது. குறை என்னவென்றால், அந்தப் பிரஸ்ஸை ஆடலாம் என்று வற்புறுத்திய உதவிப் பயிற்சியாளர் ஜெரி நார்மனின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஓர் அணி ஒரே மனிதரின் மூளையிலிருந்து முளைத்தது என்ற எண்ணத்தை இது விதைத்துவிடும்.

ஏழாம் பாடமான ஆள்சேர்ப்பிலும் அதே கோளாறு. பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆன லூ அல்சிண்டர் நியூயார்க்கிலிருந்து வந்ததற்கு வூடனின் கவர்ச்சி மட்டும் காரணமல்ல. அதே பல்கலைக்கழகத்தில் படித்த கறுப்பினப் பிரமுகர்களான அரசதந்திரி ரால்ஃப் பன்ச், பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் போன்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கும் அதில் பங்கு உண்டு. கறுப்பின மாணவர்களை மதித்து நடத்தும் இடம் என்று பல்கலைக்கழகம் ஈட்டியிருந்த பெயர்தான் அங்கே வேலை செய்தது. 1965 நவம்பரில் புதிய அரங்கின் முதல் ஆட்டத்தில், அல்சிண்டர் 31 புள்ளி எடுக்க, முதலாண்டு மாணவர் அணி நடப்பு சாம்பியனான மூத்த அணியை 75-60 என்று தோற்கடித்த நிகழ்ச்சியை மட்டும் சுவையாகச் சொல்கிறார்கள்.

சொல்லாமல் விட்டவற்றில் பெரியது சாம் கில்பர்ட். ஆட்டக்காரர்களுக்குச் சலுகைகள் செய்துகொடுத்த, வசதி படைத்த ஆதரவாளர் அவர். வூடன் ஓய்வுபெற்ற பின், 1981இல், கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பான என்சிஏஏ யுசிஎல்ஏவைத் தண்டித்தபோது, கில்பர்ட்டோடு உறவை முறித்துக்கொள்ளும்படி ஆணையிட்டது. வூடன் தவறு செய்தார் என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் அணிக்கு அருகில் நடந்தவை அவருக்கு எந்த அளவு தெரியும், தெரிந்து எவ்வளவு செய்திருக்க வேண்டும் என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. தலைமைப் பயிற்சியாளர் ஆக விரும்புபவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எது? வூடனைச் சாமியாராகக் காட்டும் ஆசையில் அதை விழுங்கிவிட்டார்கள். சுருட்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுவர்களையும் எதிரணி ஆட்டக்காரர்களையும் சீண்டிப் பேசியவர் அவர் என்பதும் அதே காரணத்தால் இல்லை.

எட்டாம் பாடம், 1974 ஜனவரி 19இல் நோட்டர்டேம் அணியிடம் 88 ஆட்ட வெற்றித் தொடர் முறிந்ததையும், மறு ஆண்டு அரையிறுதியில் வென்றவுடன் ஓய்வை அறிவித்து, கென்டக்கியை 92-85 என்று வென்று விடைபெற்றதையும் நெகிழ்ச்சியோடு காட்டி முடிகிறது. நோட்டர்டேம் ஆட்டத்தில் 70-59 என்று முன்னிலையில் இருந்து கடைசி மூன்றரை நிமிடத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 71-70 என்று தோற்றதை நிறுத்தி நிறுத்தி அலசியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்தான். அவருக்குப் பின் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி 1995இல் ஒரே ஒரு பட்டம்தான் வென்றிருக்கிறது. கட்டியவர் போனபின் கட்டடம் ஏன் அதே உயரத்தில் நிற்கவில்லை என்பதை வகுப்பு கேட்கவே இல்லை.

சேவையைப் பொறுத்தவரை புகார் குறைவு. காணொளிகள் கைபேசியில் தடங்கலின்றி ஓடின, ஆங்கில எழுத்துரை சரியாக இருந்தது, ஓராண்டு பார்க்கலாம். கேள்வி அனுப்பினால் பதில் வர ஆறு நாளாயிற்று, அதுவும் பொதுவான பதில். நார்மனைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் எதுவும் வரவில்லை. தள்ளுபடிக் காலத்தில் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்பது பணம் கட்டியபின் தெரிந்தது, பொறுத்திருந்து வாங்குங்கள். பள்ளி, கல்லூரி அணிக்குப் பயிற்சி தருபவர் ஐந்தையும் ஆறையும் முதலில் பார்க்கட்டும். வெறும் ரசிகர்களுக்கு இந்த விலை அதிகம். கூடவே வரும் பயிற்சி அட்டை மாதிரியை முழுத்தாளில் அச்சிடும்படி வைத்திருக்கிறார்கள்; நான்காக மடித்தால் சட்டைப் பையில் அடங்கும், மடிப்பில் விழும் வரிகளில் மட்டும் எதையும் எழுதாதீர்கள், வியர்வையில் அழிந்துவிடுகிறது.