பழைய செம்பில் இரிடியமா? படித்தவர்களே, உஷார்!

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீடு வைத்திருப்பவர்களைக் குறிவைக்கும் மோசடி இது. "உங்க அய்யா காலத்துச் செம்புல இடி இறங்கி, இரிடியம்ங்கிற விலையுயர்ந்த உலோகமாயிருச்சு. அரிசியை இழுக்குது பாருங்க, கோடிக்குப் போகும்" என்பார்கள்.

சிக்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஐந்தொகையில் ஒரு ரூபாய் உதைத்தாலும் தூங்காதவர்கள், நகையை உரைத்துப் பார்க்காமல் வாங்காதவர்கள். அதே ஆள் இந்தச் செம்பைத் தராசில்கூட வைப்பதில்லை. விஞ்ஞானி நியூட்டன் இங்கிலாந்து அரசு நாணயச்சாலைப் பொறுப்பில் இருந்து கள்ள நாணயக்காரர்களைத் தேடிப் பிடித்தவர். அவரே 1720இல் சவுத் சீ கம்பெனிப் பங்கில் பெரும்பணத்தை விட்டார். ஒரு கணக்கில் காட்டும் கூர்மை இன்னொன்றுக்குத் தானாக வந்துவிடாது.

வித்தை எளிது. அரிசியில் பசை தடவி இரும்புத்தூளில் புரட்டிக் காயவைப்பார்கள். செம்பின் அடியில் காந்தம் ஒளிந்திருக்கும். உங்கள் அடுப்படி அரிசியை எடுத்து வந்து போடுங்கள், நகராது. அவர்கள் அரிசிக்கருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள், ஒட்டும்.

அடுத்து எடை. ஒரு கிலோ செம்பு உலோகம் தண்ணீரில் முழுதாக மூழ்கினால் சுமார் 112 மில்லி நீரை வெளியேற்றும். ஒரு கிலோ இரிடியம் 44 மில்லிதான். டிஜிட்டல் தராசும் அளவுக் குவளையும் போதும். உள்ளே காற்று நிற்காமல் சாய்த்து இறக்குங்கள். இடி விழுந்தால் செம்பு உருகலாம், வேறு தனிமமாக மாறாது. இரிடியம் உருக 2446 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தக் காலப் பட்டறை எதிலும் அந்தச் சூடு கிடையாது.

பணம் போவது அரிசி வித்தையை நம்பிய பிறகுதான். முதலில் டோக்கன் அட்வான்ஸ், பிறகு டெஸ்டிங் சார்ஜ், 'விஞ்ஞானி'க்குக் கதிர்வீச்சுத் தடுப்பு உடை வாடகை, கடைசியில் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு போலிக் கடிதம். கதிர்வீச்சு ஆபத்து என்று உடைக்குப் பணம் கட்டியவரே அந்தச் செம்பைப் பட்டில் சுற்றிச் சாமி அறையில் வைத்திருப்பார்! இரண்டும் எப்படிச் சேரும் என்று அவருக்குத் தோன்றாது. முதல் லட்சம் போன பிறகு, கொடுத்தது சரிதான் என்று நிரூபிக்கத்தான் படித்த படிப்பெல்லாம் உதவுகிறது. "யாரிடமும் சொல்லாதீங்க" என்று அவர்கள் சத்தியம் வாங்குவதும் அதற்குத்தான். வீட்டு ஆச்சி காதில் விழுந்தால் முதல் கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். போன், வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கு உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். ரொக்கம் என்றால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். கடிதம், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அந்த அரிசியையும் கொட்டிவிடாதீர்கள்; இரும்புத்தூள் அதில்தான் ஒட்டியிருக்கிறது.