சொந்த சர்வரா, கிளவுடா: காரைக்குடிக் கடை ஒன்றின் கணக்கு

காரைக்குடியில் வீடு கட்டும் சாமான் மொத்த வியாபாரம் எங்களுடையது. பெயிண்ட், பைப், சானிட்டரி, கம்பி. தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் கிளை உண்டு. ஒரே நேரத்தில் பதினாலு பேர் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் உட்காருவார்கள். கணக்கும் கணினியும் என் பொறுப்பு. 2024 ஆடியில், எல்லாருடைய கணக்கையும் வைத்திருந்த பொதுக் கணினியான சொந்த சர்வரை நிறுத்திவிட்டு, வேறு நிறுவனத்தின் கணினியை இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கிளவுடுக்குப் போனோம். அதற்கு முன் மூன்று வழிகளை யோசித்தோம்: புது சர்வர் வாங்குவது, இருக்கிறதை இருக்கிறபடியே கிளவுடில் வாடகைக் கணினி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போவது, டேலியையே விட்டுவிட்டு மாதச் சந்தா மென்பொருளுக்கு மாறுவது. நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி. அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தா மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இன்றைக்குப் புதிதாகக் கடை போடுகிறவர் யோசிக்காமல் அதற்கே போகலாம். எங்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பேரேடு இருக்கிறது. சரக்கு வண்டி வாரியாக பில் பிரிப்பதற்கு டேலிக்குள்ளேயே எழுதி வாங்கிய சின்னச் சின்ன நிரல்கள் (டிடிஎல் என்ற டேலி மொழியில்) இருக்கின்றன. அவை அங்கே வராது. தேவகோட்டைக் கிளையில் சம்பளக் கணக்கை மட்டும் நாலு மாதம் அப்படி ஓட்டிப் பார்த்தோம், குறை ஒன்றும் இல்லை. அதை வைத்து முழுக் கணக்கையும் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

அதனால் உண்மையான போட்டி புது சர்வருக்கும் வாடகைக் கணினிக்கும்தான். காகிதத்தில் சர்வர்தான் ஜெயித்தது. நல்ல சர்வர், விண்டோஸ் லைசென்ஸ், பதினாலு பேருக்கான உரிமம் எல்லாம் சேர்த்து வந்த கொட்டேஷன் நாலு லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. கிளவுடில் மாதம் பதினைந்தாயிரத்தை ஒட்டி வரும் என்றார்கள். ஐந்து வருஷத்துக்குப் பெருக்கினால் ஒன்பது லட்சம். முதலாளி அந்த இரண்டு தொகையையும் பென்சிலால் வட்டமிட்டு, "தம்பி, இரண்டு மடங்குக்கு மேல இருக்கே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அந்தக் கொட்டேஷனில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது, பராமரிப்பு. அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. பட்டாலையை ஒட்டிய அறையில் சர்வர் இருந்தது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2023 அக்டோபர் 10 அன்று நிறுத்திவிட்டது. ஆடிட்டர் எழுதியே கொடுத்திருந்தார். அறைக்குள் ஏசி ஓடியது. ஆனால் யுபிஎஸ்ஸும் பேட்டரிகளும் இடம் போதாமல் வெளியே நடையில் கிடந்தன. ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிதான் தோது. அதற்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் ஐந்து வருஷ பேட்டரி இரண்டரை வருஷம்கூடத் தாங்காது. சிக்ரி என்னும் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊர் இது, பேட்டரியைப் பற்றிக் கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

2024 மே மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. இடி மழை, மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. இரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய யுபிஎஸ் இருபது நிமிஷத்தில் படுத்துவிட்டது. ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தபோது எட்டு பேட்டரியில் ஒன்று பக்கவாட்டில் உப்பி, பக்கத்துப் பேட்டரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசையாக இணைத்த பேட்டரிகளில் ஒன்று சோர்ந்தால் மொத்த வரிசையும் சோர்ந்துவிடும். சர்வரில் நாலு டிஸ்க். ஒன்று போனாலும் மற்ற மூன்றும் தாங்கும்படியான ஏற்பாடு. அதில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. அதன் மஞ்சள் விளக்கு எத்தனை நாளாக எரிந்ததோ, யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று அணைந்ததில் இரண்டாவதும் போனது. ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த நிறுவனத்துக்கு மதுரையிலிருந்துதான் ஆள் வர வேண்டும். திங்கள் மதியம் வந்தார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று வெளி டிஸ்கைச் சொருகினோம். டிஸ்க் நிரம்பிப் பதினோரு நாளாக எதுவும் பதிவாகவில்லை.

பதினோரு நாள் பில்லை நாலு பேர் உட்கார்ந்து கார்பன் நகலைப் பார்த்துத் திரும்ப அடித்தார்கள். மங்கின நகல்களை எங்கள் கணக்கு அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். அந்த வாரத்தை எந்தக் கொட்டேஷனிலும் போட முடியாது.

ஆக, சொந்த சர்வரின் விலையில் இவற்றையும் சேர்க்க வேண்டும்: இரண்டு வருஷத்துக்கு ஒரு செட் பேட்டரி, 300 வாட் சர்வர் நாள் முழுக்க ஓடினால் மாதம் 216 யூனிட், அதைக் குளிரவைக்கும் ஏசிக்குத் தனியாகக் கரண்ட், ஏஎம்சி, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். எல்லாம் கூட்டியும் கிளவுட்தான் கொஞ்சம் கூடுதல். அந்த வித்தியாசத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது, மஞ்சள் விளக்கைப் பார்க்கிற வேலை எங்கள் கையை விட்டுப் போனது. டிஸ்க் மாற்றுவது, மின்சாரம், குளிர்ச்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இருபத்துநாலு மணி நேரமும் ஆள் போட்டுப் பார்க்கிறார்கள். காரைக்குடியில் ஒரு கடைக்கு அப்படி ஆள் போட முடியாது.

பராமரிப்பே இல்லை என்று யாராவது விற்க வந்தால் நம்பவேண்டாம். விண்டோஸ் அப்டேட், கடவுச்சொல், யாருக்கு எந்த அனுமதி, பேக்கப் எல்லாம் இன்னும் நம் தலையில்தான். தூரத்துக் கணினியை இங்கிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (அது நுழையும் வாசலை) இணையத்துக்குத் திறந்து வைத்தால் பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்காரர்களுக்குக் கதவைத் திறந்ததாகும்; விபிஎன் என்னும் பூட்டிய தனிவழியாக மட்டுமே விடுங்கள். கிளவுடில் இருப்பதாலேயே நகல் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு டேட்டா சென்டர் எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காதவர்கள் தரவை இழந்தார்கள். எங்கள் கணினி மும்பையில், தினசரி நகல் ஹைதராபாத்தில்.

இதில் எங்கள் பழைய கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். "கணக்கு எங்கே இருக்கு தம்பி?" என்றார். மும்பையில் என்றேன். அவருடைய அப்பா பினாங்கில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக (முகவருக்கு உதவியாளராக) இருந்தவர். "கடை அங்கே இருந்தாலும் கணக்கு ஊருக்கு வந்துக்கிட்டே இருக்கும். வீட்டுல ஒரு பிரதி இல்லாம இருக்காது" என்றார். அன்றைக்கே ஒரு சின்ன சேமிப்புப் பெட்டி வாங்கினோம். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மும்பையிலிருந்து ஒரு நகல் இங்கே இறங்குகிறது. கம்பெனிகளுக்குச் சட்டமும் இதை ஒட்டியே இருக்கிறது: 2022 ஆகஸ்ட் திருத்தத்தின்படி கணக்கின் பேக்கப் தினசரி இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். கிளவுட் எடுக்கும்போது எந்த ஊர் டேட்டா சென்டர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றுக்குமே இந்தியாவில் இடம் உண்டு.

மாற்றும் நாளைப் பற்றி. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி, மார்ச் முடிவு, தீபாவளி: இந்த நாலின் பக்கமே போகக்கூடாது. எங்களுக்கு ஆடி வசதி. ஆடியில் யாரும் மனை முகூர்த்தம் வைக்கமாட்டார்கள், கடை அடங்கியிருக்கும். இருபதாம் தேதி தாண்டிய சனிக்கிழமை சாயங்காலம் நிறுத்தி, திங்கள் காலை புதிதில் திறந்தோம். 400 ஜிபியை 50 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற, இணையக் கோடு ஒருமுறைகூட அறுபடாமல் இருந்தாலே பதினெட்டு மணி நேரம் ஆகும். அதனால் பெரும்பகுதியை ஒரு வாரம் முன்பே ஏற்றிவிட்டு, கடைசி நாள் மாறியதை மட்டும் அனுப்பினோம்.

அதற்கும் முன்னால், சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். பதினோரு உருப்படி வந்தது. அதில் நாலை யாரும் தொடுவதே இல்லை, மூடிவிட்டோம். கேமரா பதிவை இங்கேயே விட்டோம். நாள் முழுக்க வீடியோவை மும்பைக்கு ஏற்றுவதில் அர்த்தமில்லை. எங்களைப் பாடாய்ப் படுத்தியது பிரிண்டர். டேலி தன் தரவு இருக்கும் கணினியிலேயே ஓடினால்தான் வேகம் வரும், அதனால் அதுவும் மும்பையில் ஓடுகிறது; இங்கே திரை மட்டும் வருகிறது. அங்கிருந்து இங்கே இருக்கும் டாட் மேட்ரிக்ஸில் அடித்தால் எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. இரண்டு பக்கமும் டிரைவரைச் சரிசெய்து, பில் அளவைத் திரும்பக் கொடுத்து, ஐந்தாம் நாள்தான் வழிக்கு வந்தது. இதை முன்கூட்டியே சோதியுங்கள்.

இணையம் அறுந்தால் எல்லாம் நிற்கும் என்பது தெரிந்ததே. வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு ஃபைபர் போட்டோம், அதற்குமேல் ஒரு சிம் ரவுட்டர். திரைக்கு வேகம் அதிகம் தேவையில்லை, கோடு அறாமல் இருந்தால் போதும்.

பில்லைக் குறைக்க ஒரு வழி கையில் இருக்கிறது. மாதத்துக்கு 730 மணி நேரம். நாங்கள் வேலை பார்ப்பது நாளுக்குப் பத்து மணி வீதம் 26 நாள், 260 மணி நேரம். ராத்திரி நகல் இறங்கும் நேரம் போக, மற்ற நேரத்தில் கணினி தானே அணையும்படி வைத்தோம். டிஸ்க் வாடகை அப்போதும் ஓடும், ஆனாலும் சொன்ன பதினைந்தாயிரத்துக்குக் கீழேதான் இதுவரை நிற்கிறது. விலைப்பட்டியல் டாலரில் இருப்பதால் ரூபாய் சரிந்தால் ஏறும். ஐந்து வருஷம் ஓட்டியவன் இல்லை நான், அந்தக் கணக்கை முடித்துச் சொல்ல முடியாது.

புதுவயல் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிற நண்பர் கேட்டபோது சர்வரையே வாங்கச் சொன்னேன். எடை மேடையில் லாரி நிற்கும்போது இணையத்துக்காகக் காத்திருக்க முடியாது. பேட்டரியை மட்டும் ஏசிக்குள் வைக்கச் சொன்னேன், பேக்கப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அதைச் செய்கிறோம். ஹைதராபாத் நகலிலிருந்து புதிதாக ஒரு கணினியை எழுப்பி, டிரையல் பாலன்ஸை (எல்லாப் பேரேடுகளின் இருப்புப் பட்டியலை) திறப்போம். முந்தின நாள் மொத்தத்தைக் கணக்கு அக்கா துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்திருப்பார். திரையில் வந்த தொகையை நான் உரக்க வாசித்த பிறகுதான் சீட்டைப் பிரிப்பார். போன முறை நகலை எழுப்பி ஒத்துப்பார்த்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது.