பெர்ல் மையச் சோதனை: டெஸ்ட்டா, ஹார்னெஸ்ஸா?

பெர்ல் நிரலாக்க மொழியின் சோதனை ஓட்டியை (சோதனைக் கோப்புகளை ஓட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்டை) மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. பெர்ல் மூலநிரலின் 'டி' (t) அடைவில் டெஸ்ட் (TEST), ஹார்னெஸ் (harness) என இரண்டு ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. எதில் கை வைப்பது?

வேகம்
டெஸ்ட்: கோப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டும்.
ஹார்னெஸ்: டெஸ்ட்_ஜாப்ஸ் (TEST_JOBS) என்ற சூழல் மாறியில் 8 கொடுத்தால் எட்டுக் கோப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டும்.

அறிக்கை
டெஸ்ட்: சுருக்கம்.
ஹார்னெஸ்: எந்தக் கோப்பில் எத்தனையாவது சோதனை தோற்றது என்று கடைசியில் தொகுத்துத் தரும்.

சார்பு
என்னைக் கேட்டால் முடிவு செய்வது இதுதான். ஹார்னெஸ் ஓட, பெர்லிலேயே எழுதப்பட்ட டாப் ஹார்னெஸ் (TAP::Harness) மாட்யூல் வேண்டும். நீங்கள் பார்சரை (நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை) மாற்றி, அதில் ரெஜெக்ஸ் (எழுத்துவடிவங்களைத் தேடும் வசதி) உடைந்திருந்தால் அந்த மாட்யூலே ஏறாது. எது பழுது என்றே தெரியாமல் போகும். டெஸ்ட்டோ, பெர்ல் மொழியின் எளிய அம்சங்களை மட்டும் வைத்து, வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது. முழு பெர்லைக் கட்டும் வழியில் முதலில் உருவாகும் சிறு பெர்லான மினிபெர்லைச் சோதிக்கும் மினிடெஸ்ட் கட்டளையும் இதையே அழைக்கிறது. தயவுசெய்து டெஸ்ட்டுக்குள் புது வசதிகளைத் திணிக்காதீர்கள்.

நேரக் கணக்கு, இணையோட்டம், அறிக்கை அழகு எல்லாம் ஹார்னெஸ்ஸுக்கு. அன்றாடத் திருத்தங்களைச் சரிபார்க்கவும் அதுவே போதும். மொழியின் அடித்தளமே ஆட்டம் காணும்போது டெஸ்ட்.