‘1,840 வரிகளும் ஏறிவிட்டன, பிழை 0’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

எங்கள் சங்க உறுப்பினர்களின் முகவரிகள் பல வருடங்களாக ஒரே எக்செல் கோப்பில் இருந்தன. ஒவ்வொரு செயலாளரும் தன் இஷ்டத்துக்குச் சேர்த்தது. ஒருவர் முழு முகவரியையும் ஒரே செல்லில் கமா போட்டு அடிப்பார், இன்னொருவர் ஆல்ட்-என்டர் தட்டி நாலு வரியாக உடைப்பார். இதை ஒழுங்குபடுத்தி உறுப்பினர் மென்பொருளில் ஏற்றித் தர ஒருவரைப் பிடித்தோம். “மூணே நாள் சார்” என்றார். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தோம், இருந்த ஒரே கோப்பையும் அப்படியே கொடுத்தோம். இரண்டும் எங்கள் புத்திசாலித்தனம்.

மூன்றாம் நாள் ஸ்கிரீன்ஷாட் வந்தது: 1,840 வரிகள், பிழை 0. சந்தோஷமாகச் செய்திமடலை அனுப்பினோம். இரண்டு வாரத்தில் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது.

கையில் எடுத்த முதல் உறையிலேயே கதவு எண் ‘4 மார்ச்’ என்று இருந்தது. உண்மையான எண் 3/4. எங்கள் கோப்பில் அது எழுத்தாகத்தான் இருந்தது. அவர் அதை மென்பொருளில் ஏற்றுவதற்காக சிஎஸ்வியாக (கட்டங்களைக் கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, பிறகு அந்த சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறந்திருக்கிறார். எது எண், எது எழுத்து என்ற தகவலை சிஎஸ்வி வைத்துக்கொள்வதில்லை. எக்செல் தானாக ஊகித்துத் தேதியாக்கிவிடும். கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து அதே 3/4 ஏப்ரல் 3 ஆகவும் மாறலாம். (இந்தத் தொல்லை பொறுக்காமல் 2020இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள், மார்ச்1 என்ற மரபணு மார்ச்எஃப்1 ஆனது. நாம் கதவு எண்ணை மாற்ற முடியுமா?)

இதைப் பார்த்துவிட்டு அவர் சரிசெய்ய முயன்றது இன்னும் மோசம். அந்த நெடுவரிசையில் சில செல்களின் வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ (எழுத்து) என்று மாற்றியிருக்கிறார். எக்செல் தேதியை 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்கணக்காகத்தான் உள்ளே வைத்திருக்கிறது. ஆகவே பழைய 3/4 திரும்ப வராது; 45355 போல ஓர் ஐந்திலக்க எண் வரும். ஒருவருக்கு நிஜமாகவே கதவு எண் 45355 என்று செய்திமடல் போயிருக்கிறது. தபால்காரர் சிரித்திருப்பார்.

அப்புறம் கமா. செல்லுக்குள் கமாவோ வரி முறிவோ இருந்தால், சிஎஸ்வியில் அந்த முகவரி இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும். எக்செல் அதைச் சரியாகப் போட்டுத்தான் கொடுக்கும். இவரோ ‘தேவையில்லாத குறி’ என்று நோட்பேடில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். தெரு ஊர்க் கட்டத்துக்கும், ஊர் மாநிலக் கட்டத்துக்கும் நகர்ந்தன. ஆல்ட்-என்டர் முகவரிகள் துண்டு துண்டாகிப் புது உறுப்பினர்களாகவே ஆகிவிட்டன. எங்கள் உறுப்பினர்கள் மொத்தமே 1,787 பேர்! 1,840 என்ற எண்ணைப் பார்த்தபோதே விழித்திருக்க வேண்டும். மென்பொருளில் எல்லாக் கட்டமும் வெறும் எழுத்துக் கட்டம், எதுவும் கட்டாயமில்லை. பிறகு பிழை எங்கிருந்து வரும்?

தமிழில் இருந்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகள். தமிழ் எழுத்துகளைக் காக்கும் ‘யுடிஎஃப்-8 சிஎஸ்வி’ என்று தேர்ந்தெடுக்காமல் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்ததன் பலன். தமிழுக்குப் பதில் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகள் தெரிந்தால், பெரும்பாலும் சரியான குறியீட்டில் மறுபடி திறந்து மீட்கலாம். கேள்விக்குறி விழுந்தால் அந்தக் கோப்பில் எழுத்தே போய்விட்டது.

எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது கண்ணுக்குத் தெரியாதது. அஞ்சல் குறியீட்டு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு குறியீடும் பார்க்க ஒழுங்கான குறியீடுதான், ஆனால் வேறொருவருடையது. குறியீட்டை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையிலும் இது சிக்காது.

கேட்டதற்கு, “உங்க டேட்டாவே சரியில்ல சார், சாஃப்ட்வேர் ஏத்துக்கிச்சே” என்றார். அதன்பிறகு போனையே எடுக்கவில்லை.

ஏழு மாதப் பழைய பிரதி ஒன்று ஒருவருடைய மின்னஞ்சலில் கிடைத்ததால் பிழைத்தோம். இந்த முறை நாங்களே செய்தோம். முதலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தோம். வரிகளை முழுதாக யார் எப்படிக் கலைத்தாலும் திரும்ப அடுக்கிவிடலாம். சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்யவே இல்லை. எக்செலின் டேட்டா தாவலில் உள்ள ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கொண்டுவந்து, கதவு எண், அஞ்சல் குறியீடு, தொலைபேசி மூன்றையும் உள்ளே வரும் முன்பே ‘டெக்ஸ்ட்’ ஆக்கினோம். வந்த பிறகு மாற்றினால் பயனில்லை, முன்னால் இருந்த பூஜ்யம் போனது போனதுதான். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய முகவரிகளில் டிரிம் (கூடுதல் இடைவெளியை நீக்கும் எக்செல் சூத்திரம்) போட்டும் போகாத ஒரு இடைவெளி இருக்கலாம். அது 160ஆம் எண் எழுத்து, சப்ஸ்டிட்யூட் (ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றைப் போடும் சூத்திரம்) போட்டு நீக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், பட்டியலிலேயே படுமோசமான இருபது முகவரிகளைப் பொறுக்கிக் கொடுங்கள்: சாய்கோடு, கமா, வரி முறிவு, முன் பூஜ்யம், தமிழ்ப் பெயர் எல்லாம் இருக்கட்டும். ஏற்றியதை மென்பொருளிலிருந்து திரும்ப எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லி, மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய பிரதிக்குப் பிறகு சேர்ந்த 60 பேரின் முகவரி இன்னும் சரியாகவில்லை. ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் சிலருக்குப் போனும் செய்ய முடியவில்லை. நீளமான எண்ணை எக்செல் சுருக்கிவிட்டதால், அவர்களுடைய எண் ‘இ+11’ என்று முடிகிறது.