வீடு தேடி வரும் ‘கல்லீரல் பேக்கேஜ்’: வெள்ளை அணு குறைந்தவருக்கு எந்த அளவு உதவும்?

சென்னைப் புறநகரில் எங்கள் பகுதியில் இயங்கும் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச்செல்லும் ‘கல்லீரல் பேக்கேஜ்’ ஒன்றை விற்கிறது. பொதுவான உடல் பரிசோதனைக்கு இது ஏற்றதா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. நாட்பட்ட ஹெபடைடிஸ் சி தொற்றும் அதனால் வந்த சிரோசிஸும் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ள என் அண்ணனுக்காக இதைப் பயன்படுத்துகிறோம். வெள்ளை அணுக்கள் எப்போதும் குறைவாகவே இருக்கும் ஒருவருக்கு இந்தச் சேவை எவ்வளவு பயன்படும் என்பதை மட்டுமே மதிப்பிடுகிறேன்.

ரத்தம் எடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்த இளைஞர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஊதா மூடிக் குழாயில் கோடு வரை நிரப்பி, குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, பெயரையும் நேரத்தையும் எங்கள் கண்முன்னே எழுதி ஒட்டினார். அந்தக் குழாயில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ ரத்தத்தோடு சரியாகக் கலக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத உறைகட்டிகள் உண்டாகி, எந்திரம் எண்ணும் அணுக்கள், குறிப்பாகத் தட்டணுக்கள், உண்மையைவிடக் குறைவாக வந்துவிடும் என்பதால், ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த நோயாளிக்கு இந்தப் பொறுமை மிகவும் தேவை. சில பெரிய நிறுவனங்களின் ஆட்களிடம்கூட நான் இதைப் பார்த்ததில்லை.

அறிக்கை மாலைக்குள் கைப்பேசிக்கு வந்துவிட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மொத்த வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,900 என்று சிவப்பு எழுத்தில், கீழ்நோக்கிய அம்புக்குறியுடன் இருந்தது. அதற்குக் கீழே, பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபில் 46 சதவீதம் என்று கறுப்பு எழுத்தில், எந்தக் குறியும் இல்லாமல் இருந்தது. மருத்துவர் முதலில் கேட்பது இந்த இரண்டில் எதுவும் இல்லை. நியூட்ரோஃபில்களின் தனி எண்ணிக்கையைத்தான் அவர் கேட்பார். 2,900-இல் 46 சதவீதம் என்றால் 1,334. பொதுவாக 1,500-க்குக் கீழே போனால் குறைவு, 1,000-க்குக் கீழே நடுத்தரக் குறைவு, 500-க்குக் கீழே கடுமையான குறைவு என்று பிரிக்கிறார்கள். பாக்டீரியா தொற்றின் அபாயம் இந்த எண்ணைப் பொறுத்தே கணிக்கப்படுகிறது. அண்ணனுடையது லேசான குறைவு. மொத்த எண்ணைச் சிவப்பில் காட்டிப் பயமுறுத்திய அறிக்கை, பயத்தைக் குறைத்திருக்கக்கூடிய ஓர் எளிய பெருக்கலைச் செய்து தரவில்லை. இன்றைய எந்திரங்கள் பெரும்பாலும் தாமாகவே கணக்கிடும் எண்ணை அச்சிடாமல் விடுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

அதே அறிக்கையில் தட்டணுக்கள் 88,000 என்று இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். கல்லீரல் இறுகும்போது அதற்குள் செல்லும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தால் மண்ணீரல் வீங்கி, வழக்கத்தைவிட அதிகமான அணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டணுக்களின் உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொய்டின் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது என்பதால் அவை பொதுவாக முதலில் குறைகின்றன. வெள்ளை அணுக்கள் பின்தொடர்கின்றன. சிரோசிஸ் இல்லாத ஹெபடைடிஸ் சி நோயாளிகள் சிலரிடமும் வெள்ளை அணு குறைவு உண்டு; வைரஸ் எலும்பு மஜ்ஜையைப் பாதிப்பதும், உடலே தன் அணுக்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாக்குவதும் அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. எனவே வயிற்று ஸ்கேனில் மண்ணீரலின் அளவைப் பார்க்காமல் ரத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது.

ஆனால் பேக்கேஜுடன் இலவசமாக வரும் தொலைபேசி ஆலோசனையில் அதுதான் நடந்தது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுவே. பேசியவர் மண்ணீரலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “கவுண்ட் ஏறின பிறகு ஹெபடைடிஸ் மாத்திரையை ஆரம்பிங்க சார், அதுவரைக்கும் பப்பாளி இலை சிரப் குடிங்க” என்றார். டெங்கு காலத்தில் தட்டணுவுக்காக ஊரெல்லாம் குடிக்கும் அந்தச் சிரப்பை, மண்ணீரல் வீக்கத்தால் குறைந்த வெள்ளை அணுவுக்குப் பரிந்துரைப்பதில் எந்த நியாயமும் இல்லை. சிரோசிஸ் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகைத் தயாரிப்பையும் தொடவும் கூடாது.

மாத்திரையைத் தள்ளிப்போடச் சொன்னது அதைவிட மோசம். அது, ஹெபடைடிஸ் சி-க்கு முன்பு தரப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்து எச்சரிக்கை. வாரம் 180 மைக்ரோகிராம் ஊசியாகப் போடப்பட்ட பெக்இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ, எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி நியூட்ரோஃபில்களைக் குறைத்தது. 750-க்குக் கீழே போனால் அளவை 135-ஆகக் குறைப்பதும், 500-க்குக் கீழே போனால் ஊசியையே நிறுத்துவதும் விதியாக இருந்தன. எண்ணிக்கையை ஏற்ற ஃபில்கிராஸ்டிம் ஊசியும் சிலருக்குத் தனியாகப் போடப்பட்டது. ஏற்கெனவே அணுக்கள் குறைந்த சிரோசிஸ் நோயாளிகள் பலர் அந்தச் சிகிச்சைக்கே தகுதியற்றவர்களாகக் கழிக்கப்பட்டார்கள். 2013 இறுதியில் அமெரிக்காவில், வைரஸையே நேரடியாகத் தாக்கும் மாத்திரையான சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்ற பிறகு இந்தக் கணக்கு மாறியது. 2016-இல் வந்த சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரையைப் பொதுவாகத் தினம் ஒன்றாக 12 வாரங்கள் உட்கொள்ள வேண்டும். அது இன்டர்ஃபெரானைப்போல வெள்ளை அணுக்களை ஒடுக்குவதில்லை. 2,900 என்ற எண்ணுக்காக அதைத் தள்ளிப்போடுவது கல்லீரல் மேலும் கெட நேரம் கொடுப்பதாகும். அண்ணனின் மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அன்றே மாத்திரைக்குச் சீட்டு எழுதினார். வைரஸ் ஒழிந்த பின்னும் மண்ணீரல் பெரிதாகவே இருந்தால் எண்ணிக்கை முழுதாக ஏறாமல் போகலாம் என்பதையும் அப்போதே சொல்லி வைத்தார்.

நியாயமாக இன்னொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். தொலைபேசி ஆலோசனை பற்றி எழுத்தில் புகார் கொடுத்ததும் கூடத்தின் நோய்க்குறியியல் மருத்துவரே அழைத்தார். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்து, தட்டணுக்கள் கட்டியாகவில்லை, முதிராத வெள்ளை அணுக்கள் இல்லை என்ற குறிப்புடன், நியூட்ரோஃபில் தனி எண்ணிக்கையும் சேர்த்துத் திருத்திய அறிக்கையை மறுநாள் கட்டணமின்றி அனுப்பினார். முதல் அறிக்கையே இப்படி வந்திருந்தால் புகாருக்கே இடமில்லை.

பேக்கேஜில் உள்ளவற்றைப் பார்த்தால் கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி என்று பட்டியல் நீளுகிறது. ரத்தம் உறையும் நேரத்தை வைத்துக் கல்லீரலின் செயல்திறனைக் காட்டும் ஐஎன்ஆர் மட்டும் இல்லை, அதற்குத் தனிக் கட்டணம். வைட்டமின் பி12 இருப்பது நல்லது, அதன் பற்றாக்குறையும் வெள்ளை அணுக்களைக் குறைக்கும். செயலியில் பழைய அறிக்கைகளை ஒரே கோட்டுப்படமாகக் காட்டும் வசதியை மிகவும் பாராட்டுகிறேன். பல ஆண்டுகளாக மூவாயிரத்தை ஒட்டியே இருக்கும் எண்ணும், சில வாரங்களில் திடீரென்று சரிந்த எண்ணும் ஒன்றல்ல என்பது அந்தப் படத்தில் பார்த்தவுடன் தெரிகிறது. இதற்காகவே ஒரே கூடத்தில் தொடர்வது நல்லது.

ரத்தம் எடுப்பதற்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். ஆலோசனை அழைப்பை எடுக்கத் தேவையில்லை. முன்பதிவு செய்யும்போதே நியூட்ரோஃபில் தனி எண்ணிக்கையும் நுண்ணோக்கிக் குறிப்பும் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். செலவு சுமையாக இருப்பவர்கள், 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாகவே பெறலாம். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டுக்கு ஆள் வரும்வரை காத்திருக்காமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அந்த நிலைக்கு உரிய சேவை இது அல்ல.